பாதி வோல்டேஜில் கிடந்த பின்பால்: பல்லடத்தில் ஒரு முதல் கொள்முதல்

வாங்கிய பொருள், காட்லீப் நிறுவனம் 1976-ல் வெளியிட்ட ‘ராயல் ஃபிளஷ்’ என்கிற எலக்ட்ரோமெக்கானிக்கல் பின்பால், அதாவது சரிந்த பலகையில் இரும்புப் பந்தைத் தட்டி ஆடும், மின்காந்த சுவிட்சுகளால் ஓடும் காசு ஆட்டப்பெட்டி. நான்கு பேர் மாறி மாறி ஆடலாம். வாங்கிய இடம் பல்லடம் பக்கம் ஒரு பழைய பஞ்சு குடோன். வாங்கியவன் திருப்பூரில் பனியன் துணிக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போடும் என் மச்சினன். அவனுக்கு இதுதான் முதல் பெட்டி. கூடப் போனது நானும், கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவரும். சொன்ன விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம், முடிந்தது எழுபதாயிரம். பெட்டி அன்றைக்கு ஓடவில்லை.

இதை விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. இந்த மாதிரிப் பழைய ஆட்டப்பெட்டி வாங்குவது எப்படி என்று படிக்கக் கிடைப்பதில் முக்கால்வாசி அமெரிக்கர்கள் எழுதியது. காயில் எரிந்திருந்தால் விலையைக் குறை, டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் தொடாதே, கால் இல்லாத பெட்டியை விட்டுவிடு என்கிற ரீதியில் போகும். அவர்கள் ஊருக்கு அது சரி. கோவை, திருப்பூர், ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு அதே கணக்கைப் போட்டால் நல்ல பெட்டியை விட்டுவிட்டு உதவாத பெட்டியைத் தூக்கி வருவோம். காயில், டிரான்ஸ்ஃபார்மர், இரும்புக் கால், புஷ் எல்லாம் இங்கே தெருவுக்குத் தெரு செய்து கொடுக்க ஆள் இருக்கிறது. இங்கே செய்ய முடியாதது என்னென்ன என்று முதலில் பார்த்துவிட்டு, அதை வைத்து விலை பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

1970-களின் பின்பாதி வரை வந்த பின்பால்களில் சிப் கிடையாது. ரிலே (மின்காந்தம் இழுத்து இயக்கும் சுவிட்ச்), காயில் (கரண்ட் போனால் இரும்பை இழுக்கும் கம்பிச் சுற்று), வெள்ளி முனை வைத்த பிளேடு சுவிட்ச், ஒவ்வொரு பல்லாக நகரும் ஸ்டெப்பர், எண் எழுதிய சக்கரம், அவ்வளவுதான். பந்து ஒரு ரப்பரில் பட்டால் அதற்குப் பின்னால் இரண்டு பிளேடு ஒட்டும். ஒட்டியதும் ஒரு ரிலே இழுக்கும். ரிலே இழுத்தால் எண் சக்கரம் ஒரு பல் நகரும், மணித்தகடு அடிக்கும். ஒரே அடியில் ஐந்நூறு, ஐயாயிரம் என்று ஏற வேண்டுமானால் அதற்கு ஸ்கோர் மோட்டார் என்று ஒன்று உண்டு. அதன் தண்டில் கேம் தகடுகள் அடுக்கியிருக்கும், ஒரு சுழற்சிக்கு ஐந்து தட்டு வரை கொடுக்கும். விசைத்தறியில் டாபியை, அதாவது பாவு நூலைத் தூக்கி இறக்கும் கருவியைப் பிரித்து மாட்டியவர்களுக்கு இது பாதி புரிந்துவிடும். ஆள் இல்லாமல் தானே லைன் கொடுத்த அந்தக் காலத்து ஸ்ட்ரோஜர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்களுக்கு முழுசாகவே புரிந்துவிடும். அதே ரிலே, அதே ஸ்டெப்பர். இதன் பலன் கடைசியில் கிடைத்தது, வருகிறேன்.

பந்தைத் தட்டிவிடும் ஃபிளிப்பர் 1947-ல் இதே காட்லீப்பின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ ஆட்டத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் பந்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம், கொஞ்சம் பெட்டியை ஆட்டிப் பார்க்கலாம். சூதாட்டம் என்று பேர் வாங்கி, நியூயார்க் நகரத்தில் 1940-களின் தொடக்கத்திலிருந்து 1976 வரை தடையில் இருந்தது. தடை நீங்கிய கையோடு சிப் வைத்த பெட்டிகள் வந்து இந்த ரிலே வகையை ஓரம் கட்டிவிட்டன. ஆக ‘ராயல் ஃபிளஷ்’ கடைசிக் காலத்துப் பெட்டி. எட் கிரின்ஸ்கி வடிவமைத்தது, கோர்டன் மோரிசன் படம் வரைந்தது, 12,250 பெட்டிகள் செய்தார்கள். முதல்முறை வாங்குகிறவர் இந்த எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். இத்தனை பெட்டி வந்திருந்தால் சர்க்யூட் படம் கிடைக்கும், ரப்பர் செட் கிடைக்கும், இதே கோளாறை ஏற்கெனவே பார்த்த ஆள் எங்காவது இருப்பார்.

மச்சினனுக்கு முதலில் கண் போனது துப்பாக்கி ஆட்டம், கார் ஆட்டம் மேல். செகாவின் ‘பெரிஸ்கோப்’ 1966-ல் வந்தது, சிகாகோ காயினின் ‘ஸ்பீட்வே’ 1969-ல் வந்தது. கண்ணாடி, விளக்கு, படம் போட்ட சுழலும் தட்டு என்று பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனி எந்திரம், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு ஆகாது. முதல் பெட்டிக்கு அது வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். காட்லீப் பின்பாலில் ஒரே மாதிரி ரிலே, ஒரே மாதிரி எண் சக்கரம் வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியில் கற்றது அடுத்த பெட்டிக்கு உதவும்.

குடோனில்

விற்றவர் எழுபதைத் தாண்டியவர். மாரியம்மன் நோம்பிகளுக்கும் பொருட்காட்சிகளுக்கும் ராட்டினம், பலூன் சுடுகிற ஸ்டால் போட்டுக்கொண்டிருந்தவர். சென்னையில் ஏதோ ஏலத்தில் இதையும் சேர்த்து எடுத்தாராம். கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் நின்றது, மருமகனுடைய குடோனில் கொண்டுவந்து போட்டாயிற்று.

பஞ்சு குடோன் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். மேல் கண்ணாடியைத் தூக்கினால் சுவிட்ச் பிளேடுகளுக்கு இடையில் வெள்ளை மீசை மாதிரி பஞ்சு அடைந்திருந்தது. இரண்டு தொல்லை இதில். பிளேடு ஒட்ட விடாது, அது ஒன்று. பிளேடு விலகும்போது சின்னப் பொறி பறக்கும், அந்தப் பொறிக்குப் பக்கத்தில் பஞ்சு இருக்கக் கூடாது, அது இரண்டு. இதைப் பார்த்ததும் கம்ப்ரஸர் காற்றை வைத்து ஊதத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஊதினால் பஞ்சு ஸ்டெப்பருக்குள்ளும் மோட்டார் பல்லுக்குள்ளும் போய் உட்காரும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். பொறுமைதான் வேண்டும், வேறு செலவில்லை.

நாங்கள் முதலில் பார்த்தது பின்தலையில், அதாவது பெட்டியின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பகுதியில் இருக்கும் படக் கண்ணாடியை. ஓவியம் கண்ணாடியின் பின்பக்கம் பெயின்டில் அச்சாகியிருக்கும். உள்ளே எரிகிற பல்புகளின் சூட்டில் பெயின்ட் காய்ந்து, செதிலாக உரிந்து விழும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்தால் உரிந்த இடமெல்லாம் ஊசி குத்தின மாதிரி வெளிச்சம் வரும். நாங்கள் டார்ச்சை எடுப்பதற்குள் பெரியவர், “இருங்க தம்பி, தொடச்சுக் காட்டறனுங்க” என்று ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். மச்சினன் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். ஈரத்துணி ஒரு தடவை ஓடியிருந்தால் எழுபதாயிரத்தில் பாதி அந்தத் துணியோடு வந்திருக்கும். பழைய கண்ணாடியின் பெயின்ட் பக்கத்தை யாரும், எதாலும் துடைக்கக் கூடாது.

டார்ச் அடித்ததில் கீழ் ஓரத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு உரிந்திருந்தது. நடுவில் சீட்டுக்கட்டு உருவங்களில் முகம் எல்லாம் முழுசாக இருந்தது. மச்சினன் முகத்தில் அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. விலை பேசுமுன் அவனை வெளியே டீ குடிக்க அனுப்பியிருக்கலாம் என்று காயில் அண்ணன் பிறகு சொன்னார்.

அடுத்து ஆட்டப் பலகை. பிளைவுட் மேல் படம் அச்சிட்டு லாக்கர் வார்னிஷ் அடித்தது. பந்து அதிகம் ஓடுகிற இடங்களில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறதா, பிளாஸ்டிக் விளக்கு வட்டங்கள் மரத்தைவிட மேலே எழும்பியோ உள்ளே அமுங்கியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையைத் தடவினாலே தெரியும். நம்ம ஊருக்கு இதில் ஒன்று கூடுதல், கரையான். பெட்டியின் அடிப்பலகையை ஒரு ரூபாய்க் காசால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனோம். ஒரு மூலையில் மட்டும் சத்தம் பொத்தென்று கேட்டது. அடிப்பலகை போனால் போகட்டும், வெட்டி ஒட்டலாம். ஆட்டப் பலகையில் கரையான் ஏறியிருந்தால் கும்பிட்டுவிட்டு வந்திருப்போம்.

எலி வேலையும் இருந்தது. துணி சுற்றின பழைய ஒயரில் ஏழெட்டு இடத்தில் கடி. ஒயருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி நிறம், சர்க்யூட் படத்திலும் அந்த நிறம் போட்டிருக்கும், அதனால் சேர்ப்பது சிரமமில்லை. இடது ஃபிளிப்பர் காயில் கருகியிருந்தது. அமெரிக்கக் குறிப்புகளில் இதற்கு ஒரு பெரிய பத்தி இருக்கும். காயில் அண்ணன் அதை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

காசு வாய் சொன்ன சேதி

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது, 230-ஐ 110 ஆக்குவது. பெரியவர் அதன் வழியாகப் பெட்டியை ஓட்டிக் காட்டினார். பல்புகள் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்தன. ரிலே கிடுகிடுவென்று நடுங்கியது, இழுத்துப் பிடிக்கவில்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் எங்கோ ஒரு முனகல், அவ்வளவுதான்.

“லைட்டெல்லாம் எரியுதுங்க, ஆட்டந்தான் எடுக்க மாட்டேங்குது. மிசினுக்கு வயசாயிருச்சுங்க தம்பி.”

எதுக்குங்க இந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்டேன். பெட்டியின் பின்தகட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்று அடித்திருப்பதைக் காட்டினார். “அதுல நூத்திப்பதினஞ்சுன்னுதானுங்க போட்டிருக்குது.”

தகடு சரிதான். ஆனால் முன்கதவில் காசு போடும் இடத்தில் இருந்த சின்னத் தகடு வேறு சேதி சொன்னது. அதில் 20 சென்ட் என்று இருந்தது. அமெரிக்காவில் 20 சென்ட் காசு புழக்கத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவில் உண்டு. இந்தப் பெட்டி ஆஸ்திரேலியா போய்விட்டுத்தான் இங்கே வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அன்றைக்கு வீட்டுக் கரண்ட் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

காயில் அண்ணன் அடிப்பலகையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரைக் குனிந்து பார்த்தார். பிரைமரியில், அதாவது வீட்டுக் கரண்ட் நுழையும் சுற்றில், மூன்று நான்கு முனை இருந்தது. வரும் ஒயர் 240 என்று குறித்த முனையில் பற்றவைத்திருந்தது. 240 வாங்க வேண்டிய இடத்தில் 110 போனால் காயில்களுக்கு 24 வோல்ட்டுக்குப் பதிலாகப் பதினொன்றுதான் வரும். பல்புக்கு 6.3-க்குப் பதில் மூன்றுகூட வராது, வெளிச்சம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வருடக்கணக்கில் இந்தப் பெட்டி பாதி வோல்டேஜில் முனகிக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணன் நிமிர்ந்து என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னது: “கோளாறு இருக்குதோ இல்லியோ தெரியலீங்க. மொதல்ல இதுக்குக் கரண்டு பத்தலீங்க.”

பெரியவரிடம் இதை அப்போது சொல்லவில்லை. இது நியாயமா என்று வீட்டில் என் மனைவி கேட்டாள். என் கணக்கு இது: வோல்டேஜ் சரியானால் உள்ளே இருக்கிற மற்ற கோளாறுகள் வெளியே வரும், எத்தனை வரும் என்று எங்களுக்கும் தெரியாது. ஓடாத பெட்டி என்றுதான் வாங்கினோம், ஓடாத பெட்டியின் விலையைத்தான் கொடுத்தோம். விலை பேசியது முழுக்க அடிப்பலகைக் கரையான், எலி, கருகிய காயில், கண்ணாடியின் கீழ் ஓரம் இவற்றை வைத்துத்தான். பணம் கைமாறிய பிறகு மச்சினன் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவர் சிரித்துக்கொண்டே, “அப்ப அந்த டிரான்ஸ்பாரத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க, எனக்கெதுக்கு” என்றார். கண்ணாடியில் முகம் உரிந்த பெட்டியாக இருந்து, ஜம்மென்று ஓடியிருந்தாலும் நான் ஐம்பதுக்கு மேல் போக விட்டிருக்க மாட்டேன்.

அமெரிக்காவிலிருந்து நேராக வந்த பெட்டி வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை நம்ம 50 ஹெர்ட்ஸில் அதே வோல்ட்டேஜில் ஓட்டினால் அதன் இரும்புக் கோர் காந்தத்தால் சீக்கிரம் நிரம்பிச் சூடேறும். வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் 120-க்கு 100 வருகிறது. அதனால் ஸ்டெப்-டவுன் கட்டச் சொல்லும்போது 110 மட்டும் கேட்காமல் 100, 105, 110 என்று மூன்று டேப் (இணைப்பு முனை) வைக்கச் சொல்லுங்கள். குறைந்த டேப்பில் ஆரம்பித்து, ரிலேக்கள் நடுங்காமல் இழுக்கிற இடத்தில் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துக் கை வைத்துச் சூடு பாருங்கள். ஸ்கோர் மோட்டார் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், காது பழகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இந்த வகைப் பெட்டி நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். பின்தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் பிளக்குகளைக் கழற்றி, எந்த பிளக் எதில் என்று போட்டோ எடுத்து, தலையைத் தனியாக இறக்கி, குட்டியானையில் பழைய மெத்தை போட்டுக் கொண்டுவந்தோம். படக் கண்ணாடி மட்டும் வண்டியில் ஏறவில்லை. மச்சினன் அதைக் காரின் பின்சீட்டில் போர்வை சுற்றி, சீட் பெல்ட் போட்டு, தானே பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுவந்தான்.

கரண்ட் கொடுக்குமுன் ஃபியூஸ்களைப் பார்த்தோம். மூன்றில் ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. பெட்டிக்கு எர்த் கிடையாது, இரண்டு முள் பிளக். முன்பட்டை, காசுக் கதவு, கால் எல்லாம் உலோகம். வெறுங்காலில் நின்று இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து ஆடுகிற ஆட்டம் இது. மூன்று முள் பிளக், உலோக பாகம் ஒவ்வொன்றுக்கும் எர்த் ஒயர், போர்டில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இதைச் செய்யாமல் குழந்தைகளை ஆட விடக் கூடாது. பழமை கெட்டுப் போகும் என்று இதில் தயங்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

முதல் கரண்டுக்கு அண்ணன் தன் கடையின் சீரிஸ் போர்டைக் கொண்டுவந்தார். 200 வாட் குண்டு பல்பு ஒன்று வழியாகப் போகும், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து சுமையைத் தாங்கிக்கொள்ளும், பெட்டி தப்பும். செகண்டரி (டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெளியே போகும் பக்கம்) ஃபியூஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் போட்டோம். பல்பு ஒரு மின்னு மின்னி அணைந்தது. நல்ல சகுனம். அப்புறம் நேராகப் போட்டு அளந்ததில் விளக்கு வரிசையில் ஆறரைக்குச் சற்று மேல், காயில் வரிசையில் 28. வெறும் நிலையில் அவ்வளவு இருக்கும், பயப்பட வேண்டாம். ஃபியூஸ்களைப் புதிதாகப் போட்டு ஒவ்வொன்றாக மாட்டினோம். பல்புகள் எரிந்தபோது மச்சினன் பெண் கை தட்டினாள். ஸ்டார்ட் அழுத்தினால் ஸ்கோர் மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை.

அதை அப்படியே அணைத்துவிட்டு ஃபிளிப்பர் காயிலை முதலில் எடுத்துக்கொண்டோம். ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று உண்டு. தடிமன் கம்பிச் சுற்று பந்தை அடிக்க, மெல்லிய சுற்று ஃபிளிப்பரின் கையை மேலே பிடித்து வைக்க. அந்தக் கை மேலே போனதும் ஒரு சுவிட்ச் விலகி, மெல்லிய சுற்று தொடரில் சேர்ந்து, கரண்ட் குறையும். அந்த சுவிட்ச் விலகாமல் ஒட்டிக்கொண்டால் தடிமன் சுற்றிலேயே முழுக் கரண்டும் ஓடிக் காயில் கருகும். அண்ணனுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. “ஸ்டார்ட்டிங் வைண்டிங் கட் ஆகாம நின்ன மோட்டார் எத்தன பாத்திருக்கறம்.” எரிந்த காயில்தான் கோளாறு என்று அதை மட்டும் மாற்றினால் புதுசும் ஒரு வாரத்தில் எரியும். சுவிட்சைச் சரி செய்துவிட்டுத்தான் காயில்.

கம்பி அளவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் 22 கேஜ் என்று இருக்கும். அது அவர்கள் கேஜ், 0.64 மில்லிமீட்டர். நம்ம கடையில் 22 என்று கேட்டால் பிரிட்டிஷ் கேஜான எஸ்.டபிள்யூ.ஜி. 22 தருவார்கள், அது 0.71. தடிமன் கூடிய கம்பியை அதே எண்ணிக்கை சுற்றினால் பாபினில் அடங்காது. எப்படியோ அமுக்கி அடக்கினாலும் ஓம் குறைந்து கரண்ட் கூடும். கேஜ் எண்ணைச் சொல்லாதீர்கள், மில்லிமீட்டரைச் சொல்லுங்கள். அதைவிட நல்லது எரிந்த காயிலையே கொடுத்துவிடுவது. அண்ணன் மைக்ரோமீட்டரில் கம்பியை அளந்து, பழையதைப் பிரித்துச் சுற்று எண்ணி, வலது பக்கத்து நல்ல காயிலின் ஓமோடு ஒப்பிட்டுக் கட்டினார். ஒரு டேபிள் ஃபேன் கட்டும் கூலிகூட வாங்கவில்லை.

நிற்காத மோட்டார்

மோட்டார் விஷயத்துக்கு வந்தவர் திருப்பூரில் மச்சினன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வேறொரு பெரியவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஸ்ட்ரோஜர் காலத்திலிருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்பாலை அவர் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். சர்க்யூட் படத்தை மேசையில் விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, காபி ஆறும்வரை பேசாமல் படித்தார்.

அவர் கண்டது இது. ஸ்டார்ட் அழுத்தியதும் நான்கு ஆட்டக்காரர்களின் எண் சக்கரங்களும் சைபருக்கு வர வேண்டும். மோட்டார் தட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சக்கரமும் சைபரைத் தொட்டதும் அதன் பின்னால் இருக்கிற சுவிட்ச் விலகும். எல்லா சுவிட்சும் விலகினால்தான் ரீசெட் ரிலே விழும், மோட்டார் நிற்கும். முன்னால் பார்த்தால் எல்லாச் சக்கரமும் சைபரில்தான் நின்றது. அப்படியானால் ஏதோ ஒரு சுவிட்ச் சைபரிலும் விலகாமல் ஒட்டியிருக்கிறது. பதினைந்துக்கு மேல் சக்கரம், எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வேறொருவராக இருந்தால் எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்திருப்பார். அவர் சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து நீளமாகக் கிழித்தார். மோட்டார் சுற்றச் சுற்ற, ஒரு சுவிட்சின் இரண்டு முனைக்கு நடுவில் காகிதத்தைச் செருகுவது, பார்ப்பது, எடுப்பது, அடுத்தது. எக்ஸ்சேஞ்சில் இப்படித்தானாம். மூன்றாம் ஆட்டக்காரரின் கடைசிக்கு முந்தின சக்கரத்தில் காகிதம் போனதும் மோட்டார் டக்கென்று நின்றது. முதல் பந்து குழிக்கு வந்து விழுந்தது. கரண்டை அணைத்துவிட்டு, பிளேடை அடியிலிருந்து மயிரிழை வளைத்தார், முனையிலிருந்து வளைக்கக் கூடாதாம். அவ்வளவுதான் வேலை.

பிளேடு சுத்தம் செய்யவும் அவரிடம்தான் பாடம். “உப்புத்தாள் போட்டுத் தேச்சீங்கன்னா வெள்ளி போயிருமுங்க தம்பி, அப்புறம் எப்பவும் தீஞ்சுக்கிட்டே இருக்கும்.” கெட்டி விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து, பிளேடை லேசாக அழுத்தி இழுத்தால் பெரும்பாலான அழுக்கு வந்துவிடும். ஃபிளிப்பர் சுவிட்சில் மட்டும் டங்ஸ்டன் முனை, அதற்கு மெல்லிய அரம் போடலாம். எண்ணெய் எந்த முனையிலும் படக் கூடாது. ஸ்டெப்பர்களில் பழைய கிரீஸ் அரக்காக இறுகியிருந்தது, பிரித்து ஸ்பிரிட்டில் கழுவி உலர்த்தி மாட்டினோம். டபிள்யூ.டி. ஃபார்ட்டி ஸ்பிரே எண்ணெய் அடித்துவிடலாமே என்று கேட்ட மச்சினனை அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

சில்லறை சாமான்

கால் போல்ட் இரண்டு இல்லை. மூன்று நூல் (3/8 அங்குலம்) போல்ட், அங்குலத்துக்குப் பதினாறு மரை. மில் சாமான் விற்கும் கடைகளில் இருக்கும் பழைய பிரிட்டிஷ் மரை போல்ட்டிலும் இந்த அளவில் பதினாறுதான், கோணம் மட்டும் கொஞ்சம் வேறு. ஏறிக்கொண்டது. உள்ளே இருக்கும் சின்ன ஸ்குருக்கள் அப்படி இல்லை. நாலு எம்.எம். ஸ்குரு ஏறுவது போலத் தெரியும், மரையைக் கெடுத்துவிடும். பந்து 27 மில்லிமீட்டர், ஏறத்தாழ 80 கிராம். பேரிங் கடையில் பளபளவென்று கிடைத்தது. ரப்பர் வளையம் மட்டும் இங்கே ஒத்து வரவில்லை. ஓ-ரிங் கறுப்பு, கெட்டி, பந்து துள்ளாது, பலகை முழுக்கக் கறுப்புப் பொடி உதிரும். வெள்ளை ரப்பர் செட்டும் பல்பும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். வரியும் தபாலும் சேர்த்து, காயில், போல்ட், பந்து, வண்டி வாடகை எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம். ஆகமொத்தம் லட்சத்துக்குச் சற்றுக் குறைவில் முடிந்தது.

கால்களைச் சரிசெய்து பலகைக்கு மூன்றரை டிகிரி சரிவு வைத்தோம். இதைவிடச் செங்குத்தாக வைத்தால் வேகம் வரும், ஆனால் இந்தக் காலத்து ஃபிளிப்பருக்குப் பந்தை மேலே கொண்டுபோகத் தெம்பு பத்தாது.

கண்ணாடி

கீழ் ஓரத்தில் உரிந்த பெயின்டை என்ன செய்வது என்பதில் மட்டும் பேச்சு இழுத்தது. மச்சினனுக்கு இது சொந்தத் தொழில். டார்ச் அடித்துப் பார்த்தே வரிசையைச் சொல்லிவிட்டான்: முதலில் கறுப்புக் கோடு, அப்புறம் நிறங்கள் ஒவ்வொன்றாக, அதன்மேல் வெள்ளை, கடைசியில் வெளிச்சம் கசியாமல் மறைக்கும் பூச்சு. பனியனில் போடுவதற்கு நேர் எதிர் வரிசை, ஏனென்றால் பார்ப்பது மறுபக்கத்திலிருந்து. “சிவப்பு ஒரே பட்டையா இருக்கற எடத்துல நானே ஒட்டிருவேன் மாமா” என்றான். நான் வேண்டாம் என்றேன். பகலில் பொருந்துகிற சிவப்பு, பின்னால் பல்பு எரிந்தால் வேறு சிவப்பாகத் தெரியும். துணியில் தப்பினால் அடுத்த பீஸ் இருக்கிறது, இங்கே அடுத்த பீஸ் இல்லை. மறுபதிப்புக் கண்ணாடிகள் வெளிநாட்டில் சில ஆட்டங்களுக்கு அச்சிடுகிறார்கள், ஆனால் கண்ணாடியை கடல் தாண்டி முழுசாகக் கொண்டுவருவது தனிக் கவலை. கடைசியில் ஒரு சமரசம். உரிந்த இடத்தில் நிறம் தொடவில்லை. மறைக்கும் பூச்சு போன இடத்தில் மட்டும் பின்னாலிருந்து கறுப்புத் தாள் வைத்து, கண்ணாடியில் ஒட்டாமல் மரச்சட்டத்தில் பிடித்துவிட்டான். பல்புகளைச் சூடு குறைந்த வகைக்கு மாற்றினோம், 250 மில்லி ஆம்பியர் எடுப்பதற்குப் பதில் 150 எடுப்பது. வெளிச்சம் கொஞ்சம் குறைவு, பெயின்டுக்கு ஆயுசு கூடுதல்.

பாக்கி இருப்பது

மூன்றாம் ஆட்டக்காரரின் ஒரு சக்கரம் மழைநாள் காலையில் ஒட்டிக்கொள்கிறது, இரண்டு ஆட்டம் போனால் சரியாகிவிடுகிறது. கரையான் மூலையை இன்னும் வெட்டவில்லை, மருந்து மட்டும் வைத்திருக்கிறோம். காசு வாயில் ஆஸ்திரேலிய 20 சென்ட் மட்டும்தான் இறங்குகிறது. அது 28 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், 11 கிராமுக்கு மேல் எடை. நம்ம பத்து ரூபாய் 27 மில்லிமீட்டர், எட்டு கிராம்கூட இல்லை, திருப்பித் தள்ளிவிடுகிறது. இப்போதைக்குக் காசுக் கதவுக்குப் பின்னால் ஒரு காலிங் பெல் சுவிட்சை இணைத்திருக்கிறோம், அழுத்தினால் ஓர் ஆட்டம் ஏறும். பழைய ஒயர் எதையும் வெட்டவில்லை, விற்கிற நாள் வந்தால் இரண்டு ஸ்குருவில் கழன்றுவிடும்.